புதுப்பிப்பு: சித்தப்பாவின் கட்டிங்கும் இதயமும்

கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா, குளிருக்கும் இதயத்துக்கும் நல்லது என்று தினமும் ராத்திரி ஒரு கட்டிங் விஸ்கி போடுகிறார், இது சரியா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ‘அளவோடு குடித்தால் நல்லதுதான்’ என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

அப்புறம் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனோம். பிரஷர் கூடுதல். மது ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத் துடிப்பின் சீரையும் கெடுக்கும் என்றார் டாக்டர்.

சரி, ‘அளவோடு’ என்றால் என்ன அளவு? 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். கட்டிங் என்றால் 90 மில்லி. வாரத்துக்கு 210 கிராம் ஆகிறது. சுமார் 6 லட்சம் பேரின் தகவலை வைத்து 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, வாரம் 100 கிராமைத் தாண்டினாலே ஆயுள் குறைகிறது என்கிறது. பழைய ஆய்வுகளில் கொஞ்சம் குடிப்பவர்கள் நலமாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், நோய் வந்து குடியை விட்டவர்களையும் ‘குடிக்காதவர்’ கணக்கில் சேர்த்தது.

குளிர் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. தோலடியில் ரத்தக்குழாய் விரிவதால் சூடேறினாற்போல இருக்கும்; உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். உறைபனி விழும் ராத்திரியில் எஸ்டேட் பாதையில் தனியாக நடந்து வருபவருக்கு இது உயிராபத்து.

சித்தப்பா இப்போது சுக்குக் காப்பிக்கு மாறியிருக்கிறார். “கல்யாணம் காட்சின்னா மட்டும்டா” என்கிறார். அதையும் விடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும்: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.