வெயில் காலத்தில் தூண்டில் சவாரி: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: ஒரே படகு வைத்து, தூண்டில் போட ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன். பத்து மணிக்கெல்லாம் பாதிப்பேர் வாந்தி எடுத்துத் திரும்பலாம் என்கிறார்கள், அப்புறம் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். பிடித்த சூரை மீன் கரை சேர்வதற்குள் தொளதொளத்துவிடுகிறது.

பதில்: விடியுமுன் கிளம்புங்கள். நிலம் சூடேறினால் கடற்காற்று எழும்பி அலை குத்த ஆரம்பிக்கும். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும்.

பதில்: உடைத்த ஐஸில் கடல்நீர் ஊற்றிக் கூழாக்கி, செவுளை அறுத்து ரத்தம் வடித்த சூரையை முழுக்க அமுக்குங்கள். சூடுபட்ட சூரையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலத் தடிக்கவைக்கும் நச்சுப்பொருள் உண்டாகும், சமைத்தாலும் போகாது, சாப்பிட்டவர் முகம் சிவந்து தடித்தால் பழி உங்களுக்குத்தான்.

பதில்: முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுங்கள். வானிலையால் நீங்கள் ரத்து செய்தால் முழுப்பணம், அவருக்குத் தலைசுற்றினால் கிடையாது.

கேட்டவர்: சரி, கூழ் ஐஸை நாளைக்கே பார்க்கிறேன்.