மூளை அழற்சியும் மறதி நோயும்: வலி மாத்திரை உதவுமா?

வெள்ளவத்தை வாசகி:
என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு வருடங்களாக அல்சைமர் நோய். தேநீருக்குப் போட்ட சீனியை மறந்து மூன்று தரம் போடுகிறார், ஆனால் தேவாரத்தில் ஓர் அடியும் பிசகுவதில்லை. பெத் ஸ்டீவன்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் ஆய்வை வாசித்த என் அத்தான், மூளை அழற்சிதான் காரணமென்றால் முழங்கால் வலிக்கு வைத்திருக்கும் இபுபுரோஃபெனை நாள்தோறும் கொடுத்தால் என்ன என்கிறார். இது சரியாகுமா?

நரம்பியல் மாணவன்:
அழற்சி என்றதும் சிவந்து வீங்கிய முழங்காலை நினைத்துவிடுகிறோம்; மூளையில் நடப்பது வேறு. அங்கே மைக்ரோகிளியா என்னும் காவல் உயிரணுக்கள் கழிவை அகற்றுகின்றன, வளரும் பருவத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகளையும் கத்தரிக்கின்றன. சி1கியூ போன்ற புரதங்கள் படிந்த இணைப்புகளை அவை விழுங்கிவிடும். அல்சைமர் போன்ற நோய் வரும்படி ஆய்வுக்காக உருவாக்கிய எலிகளில், மூளையில் சேரும் அமிலொயிட் என்ற புரதப் படிவுகள் தோன்றுவதற்கு முன்பே இந்தக் கத்தரிப்பு மீண்டும் தொடங்குவதை ஸ்டீவன்ஸின் குழு 2016இல் காட்டியது. அதற்காகக் காவலையே நிறுத்திவிடலாம் என்றும் சொல்ல முடியாது. மைக்ரோகிளியாவின் வேலையைத் தளர்த்தும் ட்ரெம்2 மரபணு மாற்றமொன்று நோய் அபாயத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. அதாவது, அவை மிகையாக இயங்கினாலும் கேடு, சோர்ந்தாலும் கேடு.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:
அத்தானின் யோசனை புதியதன்று. மூட்டுவாதத்துக்கு இவ்வகை மாத்திரைகளை நீண்டகாலம் எடுத்தவர்களிடம் அல்சைமர் குறைவாகக் காணப்பட்டதால், அதே வகையைச் சேர்ந்த நப்ரொக்ஸெனையும் செலிகொக்ஸிபையும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் பரிசோதித்தார்கள். இதய அபாயம் பற்றிய கவலையால் 2004இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. நோயைத் தடுத்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. இந்த வயதில் நாள்தோறும் இபுபுரோஃபென் என்றால் இரைப்பையில் இரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும்தான் முதலில் எண்ண வேண்டும். அம்மா பிரஷருக்கு ஏதும் எடுக்கிறாரா?

பம்பலப்பிட்டி மகன்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒரு நாள் காலையில் என் அப்பா திடீரென்று என்னையே அடையாளம் காணாமல் தடுமாறினார். நோய் முற்றிவிட்டதென்று நாங்கள் அழுதோம்; பரிசோதித்தபோது சிறுநீர்த் தொற்று. உடலில் எங்கோ எழும் அழற்சி பழுதுபட்ட மூளையை இப்படிக் குழப்பிவிடும் என்று வைத்தியர் விளக்கினார். திடீர் மாற்றம் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி:
மிக்க நன்றி. அம்மா லொசார்ட்டன் எடுக்கிறார்.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:
அப்படியானால் இபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, பிரஷர் மாத்திரையின் பலனும் குறையும். முழங்கால் வலிக்குப் பரசிட்டமோல் போதுமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், எல்லா மருந்துப் பெட்டிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.