உர்ஃபா, ஹர்ரான், மார்தின் பக்கம் குழுப் பயணம் போனவர்கள் சொல்லுங்கள்: அங்கே யாரைச் சந்தித்தீர்கள்?

திரியைத் தொடங்கியவர், திருச்சி

துருக்கி போகிறவர்களில் பெரும்பாலோர் இஸ்தான்புல்லையும் கப்படோக்கியா பலூனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் போனது அந்த நாட்டின் தென்கிழக்கு மூலைக்கு. யூப்ரடீஸுக்கும் டைகிரிஸுக்கும் நடுவே உள்ள மேட்டு நிலம். பழைய மெசொப்பொத்தேமியாவின் வடக்கு ஓரம் இதுதான்; தெற்கே சமவெளி இறங்கி சிரியாவுக்குள் போய்விடுகிறது. வேனில் எங்களோடு வந்த கைடு உர்ஃபாக்காரர். அம்மாவிடம் போனில் அரபி, டிரைவரிடம் குர்து, சோதனைச் சாவடியில் துருக்கி, எங்களிடம் ஆங்கிலம்.

இடங்களைப் பற்றிப் படித்துக்கொள்ள வழி நிறைய இருக்கிறது. இங்கே ஆட்களைப் பற்றிப் பேசுவோமே. அந்த மண்ணில் இடிபாடுகளைவிட, அவற்றுக்குள் இன்னும் விளக்கேற்றிக்கொண்டிருப்பவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. நான் சந்தித்த ஒருவரோடு தொடங்குகிறேன்.

மார்தின் ஊருக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே தெய்ருல்ஸஃபரான் மடம். 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. மஞ்சள் சுண்ணாம்புக்கல் கட்டடம், பின்னால் மொட்டை மலை, முன்னால் சமவெளி. பழைய சுரியானி மொழியில் வழிபடும் கிறிஸ்தவப் பிரிவான சுரியானி ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரை பேட்ரியார்க் என்பார்கள்; அவருடைய பீடம் 12ஆம் நூற்றாண்டு முதல் 1932 வரை இங்கே இருந்தது. உள்ளே சுற்றிக் காட்டுவது மடத்தைச் சேர்ந்த இளைஞர்கள். எங்களுக்கு வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். முதலில் தரைக்குக் கீழே ஓர் அறைக்கு இறக்கினான். மடம் வருவதற்கு முன்பு அது சூரியன் கோயிலாக இருந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கூரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பெரிய பெரிய கற்பாளங்கள். சாந்து கிடையாது, தாங்கத் தூண் கிடையாது. ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டையாக நிற்கின்றன. இத்தனை நூற்றாண்டும் மேலே உள்ள சுமையை அவைதான் தாங்கியிருக்கின்றன.

எந்த நாடு என்று கேட்டான். இந்தியா என்றோம். உடனே “மலங்கரா?” என்றான். கேரளத்துச் சுரியானி சபைக்கு அந்தப் பெயர். இல்லை, கேரளத்துக்குப் பக்கத்து மாநிலம் என்றோம். அவனுக்கு அது போதும். கல்லறை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினான். பேட்ரியார்க்குகளை அமர்ந்த நிலையில், கிழக்குப் பார்த்து வைப்பார்களாம். நம் ஆதீனங்களில் குருமகா சந்நிதானங்களை அமர்ந்த நிலையில் சமாதி வைப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த மண்டபத்தில் இருப்பவர்களில் ஒருவர் பேட்ரியார்க் பேதுரு; 1875இல் கேரளத்துக்குக் கப்பலேறி, 1876இல் முளந்துருத்தியில் சபைக் கூட்டம் நடத்தியவர். அப்புறம் அவன் சொன்னது: “இன்னொருவர் இங்கே இல்லை. மார்தினில் பிறந்தார், உங்கள் நாட்டில் உறங்குகிறார்.” பேட்ரியார்க் மூன்றாம் எலியாஸைச் சொல்கிறான். 1932இல் பத்தனம்திட்டை பக்கம் மஞ்சனிக்கரையில் இறந்து அங்கேயே அடக்கமானவர். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஜனங்கள் நடந்தே அங்கே போகிறார்கள் என்று நான் சொன்னேன். அவனுக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் பார்த்த ஒருவர் வாயால் கேட்க ஆசைப்பட்டான். எத்தனை பேர் வருவார்கள், வெயிலில் நடப்பார்களா, என்ன பாடுவார்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டான்.

மாலை ஜெபத்துக்கு இருக்க விட்டார்கள். இரண்டு பக்கமும் நின்று மாறி மாறிச் சுரியானியில் பாடுகிறார்கள். பாடியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். 1915இல் ஒட்டோமான் ஆட்சியில் சுரியானிக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டதை அவர்கள் ‘ஸைஃபோ’ என்கிறார்கள், வாள் என்று பொருள். அதில் தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் பின்னாளில் ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். அந்தப் பையனின் அண்ணனும் ஸ்வீடனில்தான். நீயும் போவாயா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய மடத்துக்கு எங்கள் பயணத் திட்டத்தில் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம். கைடு எங்களுக்காக இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டதால் மாலை வரை இருக்க முடிந்தது. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுமொழி, மதுரை (ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை)

சார், முழுதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விளக்கேற்ற ஆளில்லாத இடமும் பேசும். கோபெக்லி தெபேயைச் சொல்கிறேன்.

உர்ஃபாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கி.மு. 9500 வாக்கில் தொடங்கிய இடம். அப்போது மட்பாண்டம் கிடையாது, உலோகம் கிடையாது, விளைவித்த பயிரும் கிடையாது. அந்த ஆட்கள் கல்லைக் கொண்டே கல்லைச் செதுக்கி, ஐந்தரை மீட்டர் உயரத் தூண்களை வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத் தூண். கிட்டே போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் கை, நீண்ட விரல்கள், இடுப்பில் கச்சை, கச்சையிலிருந்து தொங்கும் நரித்தோல். ஆக, அது தூணல்ல, ஆள். முகம் மட்டும் இல்லை. கழுகு, தேள், பாம்பு, காட்டுப்பன்றி என்று உடம்பெல்லாம் உருவங்கள். ஜெர்மன் தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்மிட் 1995இல் இங்கே தோண்டத் தொடங்கி 2014இல் இறக்கும்வரை விடவில்லை. ஊர் உருவாகும் முன்பே கோயில் உருவானது என்பது அவர் கருத்து. பிறகு அங்கேயே வீடுகளும் மழைநீர் சேர்த்த அமைப்புகளும் தெரியவந்ததால் இப்போது அதை அப்படியே யாரும் சொல்வதில்லை. நான் வகுப்பில் சுமேரியாவிலிருந்து நாகரிகத்தைத் தொடங்கித்தான் காலமெல்லாம் பாடம் நடத்தினேன். சுமேரிய எழுத்துக்கு ஆறாயிரம் ஆண்டு முந்தைய கை ஒன்றின் எதிரில் நின்றபோது, என் மாணவிகள் எல்லாரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது.

நான் சந்தித்தவர் காவல் பணியில் இருந்த பக்கத்துக் கிராமத்துப் பெரியவர். இளவயதில் அந்தத் தோண்டலில் கூடை சுமந்தவராம். கூட்டம் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் என்னை மேட்டின் உச்சிக்கு வரச் சொன்னார். அங்கே தனியாக ஒரு முசுக்கொட்டை மரம், கிளையெல்லாம் துணி முடிச்சு. தோண்டுகிறவர்கள் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே பிள்ளை வரம் வேண்டியும் நோய் தீரவும் ஊர்ப் பெண்கள் வந்து கட்டுவார்களாம். “கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இடம் பெரியது என்று மட்டும் தெரியும்” என்றார், கைடு மொழிபெயர்க்க. மகளுக்காக நானும் கைக்குட்டையைக் கிழித்து முடிந்தேன்.

உர்ஃபா அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். ஆளுயரச் சிலை ஒன்று நிற்கிறது, கண்ணுக்கு எரிமலைக் கண்ணாடிக்கல் பதித்தது. ஆளுயரத்தில் முழு மனிதனைச் செதுக்கியதில் இதைவிடப் பழையது இதுவரை கிடைக்கவில்லை.

மறுமொழி, காயல்பட்டினம் (இப்போது தோஹா)

அஸ்ஸலாமு அலைக்கும். டீச்சரம்மா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் போனது உம்மாவின் ஆசைக்காக. உர்ஃபா நடுவில் பாலிக்லிகோல் குளம். நம்ரூது மன்னன் இப்ராஹீம் நபியை நெருப்பில் எறிந்தான், நெருப்பு தண்ணீராகவும் விறகுகள் மீன்களாகவும் மாறின என்பது அந்த ஊர் நம்பிக்கை. நெருப்பு குளிர்ந்துபோனது குர்ஆனில் இருக்கிறது. மீன் உர்ஃபாக்காரர்கள் சொல்வது. நபி பிறந்த ஊர் ஈராக்கிலுள்ள உர் என்று சொல்கிறவர்களும் உண்டு. உம்மாவுக்கு அந்த விவாதமெல்லாம் தேவைப்படவில்லை. குளத்துப் படியில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள்.

மீன்கள் கொழுத்த கெண்டைகள். யாரும் பிடிக்க மாட்டார்கள், பிடித்துத் தின்றால் கண் போய்விடும் என்று நம்பிக்கை. பக்கத்துக் குகையில்தான் நபி பிறந்தார் என்று ஆண்களும் பெண்களும் தனித்தனி வாசலில் உள்ளே போய்த் தொழுதுவிட்டு அங்கிருக்கிற தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

உம்மா பெண்கள் பக்கம் போய் வெகு நேரமாகியும் வரவில்லை. பதறிப்போய் வாசலில் நின்றேன். கடைசியில் ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அலெப்போக்காரர், சண்டையில் வீடு போய் உர்ஃபாவுக்கு வந்து பல ஆண்டுகள். உம்மாவுக்கு ஓதுகிற அரபி மட்டும்தான் தெரியும், பேச்சு அரபி வராது. இருவரும் சூராக்களை ஓதிக்கொண்டே ஒருவருக்காக ஒருவர் இறைவனிடம் துஆ கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா தன் தஸ்பீஹ் மணிமாலையை உம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். உம்மா கழுத்துத் துப்பட்டாவைக் கொடுத்தார்கள். பெயரைக்கூட இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்து வக்து தொழுகையிலும் அந்த அம்மாவுக்காக உம்மா இன்றும் துஆ கேட்கிறார்கள்.

மறுமொழி, சென்னை சாந்தோம்

அண்ணன் சொன்ன அதே உர்ஃபாதான் பழைய எதெஸ்ஸா. எங்களுக்கு அது தோமையாரின் ஊர். மயிலாப்பூரில் அடக்கம் செய்த அவருடைய எலும்புகளை ஒரு வணிகர் எதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோனதாகச் சுரியானி மரபு. 4ஆம் நூற்றாண்டில் சுரியானிப் புலவரான புனித எஃப்ரேம் அதைப் பாட்டாகவே பாடியிருக்கிறார். 384இல் எகேரியா என்ற யாத்ரீகப் பெண் எதெஸ்ஸா வரை போய் அந்தக் கோயிலில் ஜெபித்து எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் எலும்புகள் கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போயின. ஜூலை 3 அன்று நாங்கள் கொண்டாடும் திருநாள் அவை எதெஸ்ஸாவுக்கு மாற்றப்பட்டதன் நினைவுநாள்தான்.

இன்று உர்ஃபாவில் அந்தக் கோயில் இல்லை. கோட்டை மேட்டில் நின்று ஊரைப் பார்த்து, இங்கே எங்கோ என்று ஜெபம் சொல்லிக்கொண்டேன்.

நான் எதிர்பாராத சந்திப்பு நுசைபினில். எஃப்ரேம் பிறந்த நிசிபிஸ் அதுதான். 363இல் ரோமர்கள் ஊரைப் பாரசீகரிடம் ஒப்படைத்ததால் கிறிஸ்தவர்கள் வெளியேற, அவர் எதெஸ்ஸா போய் 373இல் இறந்தார். ஊர் முடியும் இடத்தில் எல்லை வேலி. அதற்கு அந்தப் பக்கம் சிரியாவின் காமிஷ்லி. 359ஆம் ஆண்டுக் கல்வெட்டுள்ள மோர் யாக்கோப் கோயில் (சுரியானியில் ‘மோர்’ என்பது புனிதர்களுக்கான அடைமொழி) தோண்டிய பள்ளத்துக்குள் நிற்கிறது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் மசூதி. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சுரியானிக் குடும்பத்துப் பெரியவர் சாவியோடு வந்தார். கீழறையில், அந்த ஊர் ஆயராக இருந்த யாக்கோபின் கல்பேழை. மெழுகுவர்த்தி ஏற்றித் தந்தார். தோமையார் கல்லறை இருக்கும் ஊரிலிருந்து வருகிறேன் என்று கைடு மூலம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு மனைவியை அழைத்து அதையே செய்யச் சொன்னார். நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற கோபுரம் அது. திரும்பி வந்த பிறகு இறங்காமல் போக முடிவதில்லை.

திரியைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மரத்தைப் படித்தபின் என் முதல் பதிவின் வரியைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்கிறேன்: துணி முடிவதும் விளக்கேற்றுவதுதான்.

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்குச் சில விஷயங்கள். ஹர்ரான் உர்ஃபாவுக்குத் தெற்கே, முக்கால் மணி நேரப் பயணம். சந்திரக் கடவுள் சின்னின் பெரிய கோயில் இருந்த ஊர். இஸ்லாமிய காலத்திலும் அங்கே கோள்களை வணங்கியவர்கள் இருந்தார்கள், கணித மேதை தாபித் இப்னு குர்ரா அவர்களிலிருந்து வந்தவர். மண்ணும் செங்கல்லும் கொண்ட கூம்புக் கூரை வீடுகளில் ஒன்றில் ‘மிர்ரா’ என்று கடுங்கசப்புக் காப்பி தருவார்கள். குடித்ததும் கோப்பையைத் தரையில் வைக்காமல் ஊற்றியவர் கையிலேயே கொடுங்கள், அதுதான் மரியாதை. எங்களுக்கு ஊற்றிய தாத்தா, கீழே வைத்தால் கோப்பை நிறையத் தங்கம் தர வேண்டும் என்று பழைய கட்டுப்பாட்டையும் சொன்னார்.

டைகிரிஸ் கரையிலுள்ள ஹசன்கெய்ஃப் ஊரைப் பழைய புத்தகத்தில் பார்த்துவிட்டுத் திட்டமிடாதீர்கள். இலிசு அணை நீரில் 2020இல் பழைய ஊர் மூழ்கிவிட்டது. ஸெய்னல் பே கல்லறை மாதிரிச் சிலவற்றை மட்டும் முன்கூட்டியே பெயர்த்து மேட்டில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் ஆண்டுப் பழைய குடியிருப்பு என்று சொல்லப்பட்ட ஊர் அப்படிப் போனதை அங்கிருந்த கடைக்காரர்கள் சொல்லும்போது நமக்கே நெஞ்சு கனக்கிறது.

கோடையில் உர்ஃபாவில் 40 டிகிரிக்கு மேல் போகும். ஏப்ரல், மே, அக்டோபர் நல்லது. பெண்கள் தலையை மூட ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். எல்லையோர ஊர் என்பதால் கிளம்பும் முன் நிலவரம் பார்த்து, பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

முன்பதிவு செய்யும்போதே மித்யாத்துக்கு அப்பால் மோர் கப்ரியேல் மடம் திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். 397இல் தொடங்கியது, இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள். பல நிறுவனங்கள் தூரம் என்று விட்டுவிடும். நடுப்பகலில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது.