பாதி ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொள்கின்றன. ரீசெட் செய்யாமல் சரிசெய்ய முடியுமா?

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். நாலு நாளாக என் போனில் ஆப்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடுகின்றன. முதலில் வங்கி ஆப். தொட்டால் அதன் சின்னம் ஒரு நொடி தெரியும், உடனே மூடிக்கொள்ளும். மறுநாள் மெயில், நேற்றிலிருந்து செய்தி ஆப். 'கீப்ஸ் ஸ்டாப்பிங்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

ஆண்ட்ராய்டு 11, 32 ஜிபி போன். ரீஸ்டார்ட் செய்தேன், கேஷ் அழித்தேன், வங்கி ஆப்பை நீக்கி மறுபடி ஏற்றினேன். எதற்கும் மசியவில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்துவிடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அதற்குத்தான் பயப்படுகிறேன். போன வருஷம் தவறிப்போன என் அப்பா அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் இந்த போனின் வாட்சப்பில்தான் இருக்கின்றன. பேக்கப் எடுத்ததே இல்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நீலவானம்

சகோ, ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம் இருக்கு பாருங்க. 32 ஜிபி போன்ல சிஸ்டமே பாதியைப் பிடிச்சுக்கும். இடம் இல்லன்னா ஆப் தன்னோட தகவலை எழுத முடியாம அப்படியே விழுந்துடும். எனக்கும் இப்படித்தான் ஆச்சு. டேட்டாவை கிளியர் பண்ணினேன், சரியாயிடுச்சு.

ஒற்றையடிப்பாதை

தேன்சிட்டு, வாட்சப்பில் மட்டும் 'கிளியர் டேட்டா'வைத் தொட்டுவிடாதீர்கள். கேஷ் என்பது ஆப் மறுபடி உருவாக்கிக்கொள்ளும் தற்காலிகக் கோப்புகள், அதை அழித்தால் நஷ்டமில்லை. டேட்டா அப்படியல்ல. உள்நுழைவு, அரட்டைகள், அமைப்புகள் எல்லாம் அதில்தான். ரெண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எத்தனையோ பேர் மாற்றி அழுத்தியிருக்கிறார்கள்.

முதலில் அப்பாவின் பதிவுகளைக் காப்பாற்றுங்கள், ரிப்பேர் அப்புறம். போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வாட்சப், அதில் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று போய், அந்த ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள். அரட்டைகளுக்கு வாட்சப் செட்டிங்ஸிலேயே பேக்கப் இருக்கிறது.

அது முடிந்ததும் ஒன்று சொல்லுங்கள். எந்த ஆப் விழுகிறது என்று எழுதிவிட்டீர்கள். எது விழவில்லை? விழுகிற ஆப் எந்த இடத்தில் விழுகிறது? திறந்தவுடனா, உள்ளே ஏதாவது தொட்டதும்தானா?

தேன்சிட்டு

பதிவுகளை நகலெடுத்துவிட்டேன். மூன்று வருஷத்துக் குரல். இப்போதுதான் மூச்சு வந்தது. ரொம்ப நன்றி.

ஸ்டோரேஜில் 400 எம்பிதான் மிச்சம். நீலவானம் சொன்னது சரிதான்.

நன்றாக ஓடுபவை: போன், கேமரா, கால்குலேட்டர், பாட்டு, அலாரம், வாட்சப். இவற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. மெயிலை நிதானமாகப் பார்த்தேன். பட்டியல் வருகிறது, மேலும் கீழும் தள்ள முடிகிறது. ஏதாவது ஒரு மெயிலைத் தொட்டால் வெள்ளைத் திரை, உடனே மூடிக்கொள்கிறது. செய்தி ஆப்பிலும் தலைப்புகள் வரை வரும், உள்ளே போனால் விழும். ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது, அது விளம்பரம் வருகிற நேரத்தில் மட்டும் விழுகிறது.

நீலவானம்

அப்ப 2 ஜிபியாவது காலி பண்ணிட்டுப் பாருங்க சகோ. பழைய வீடியோ எல்லாம் கணினிக்கு மாத்திடுங்க. சேஃப் மோடும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா வர்ற 'பவர் ஆஃப்' மேலயே விரலை வெச்சு அழுத்தினா கேட்கும். பெரும்பாலான போன்ல இதுதான் வழி.

தேன்சிட்டு

3 ஜிபி காலி செய்தேன். போன் கொஞ்சம் வேகமானது, ஆனால் மெயில் அதே இடத்தில் விழுகிறது. சேஃப் மோடிலும் அப்படியே. அதில் வங்கி ஆப், செய்தி ஆப் எல்லாம் மங்கலாகக் கிடந்தன, திறக்கவே முடியவில்லை.

ஒற்றையடிப்பாதை

சேஃப் மோடில் நாம் ஏற்றிய ஆப்கள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படும், போனோடு வந்தவை மட்டும் ஓடும். உங்கள் மெயில் போனோடு வந்தது. அது அங்கேயும் விழுந்ததால், நீங்கள் ஏற்றிய ஏதோ ஒரு ஆப் செய்யும் கோளாறு என்ற சந்தேகம் போய்விட்டது.

உங்கள் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். மெயிலின் உள்ளடக்கம், செய்திப் பக்கம், விளையாட்டின் விளம்பரம். மூன்றும் ஆப்புக்குள்ளேயே திறக்கிற வலைப்பக்கங்கள். கால்குலேட்டருக்கும் கேமராவுக்கும் அந்த வேலை இல்லை. ஆப்புக்குள் வலைப்பக்கத்தைக் காட்டுவது 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற தனி உறுப்பு. அதற்கு முகப்பில் ஐகான் கிடையாது, ஆனால் நூற்றுக்கணக்கான ஆப்கள் அதை நம்பி இருக்கின்றன. 2021 மார்ச்சில் அதன் அப்டேட் ஒன்றில் பிழை புகுந்து, ஜிமெயில் உட்பட ஏராளமான ஆப்கள் உலகம் முழுக்க இதே மாதிரி விழுந்தன. கூகுள் திருத்திய அப்டேட்டை வெளியிட்ட பிறகுதான் சரியானது.

செட்டிங்ஸ், ஆப்ஸ் போய், மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ சிஸ்டம்' கொடுங்கள். பட்டியலில் வெப்வியூவைத் தேடி, அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

தேன்சிட்டு

'டிசேபிள்டு' என்று இருக்கிறது!

இப்போது ஞாபகம் வருகிறது. போன வாரம் இடம் போதவில்லை என்று, பெயர் தெரியாத ஆப்களை எல்லாம் முடக்கினேன். இதையும் நான்தான் முடக்கியிருக்கிறேன். 'எனேபிள்' கொடுக்கலாமா? வேறு எதுவும் கெட்டுவிடாதே?

ஒற்றையடிப்பாதை

தாராளமாகக் கொடுங்கள், எதுவும் அழியாது. பிறகு பிளே ஸ்டோரில் அதே பெயரைத் தேடி, அப்டேட் இருந்தால் போடுங்கள். கூடவே குரோமையும். 400 எம்பி மிச்சத்தில் இந்த அப்டேட் பாதியில் நின்றிருக்கும், நல்லவேளை இடம் செய்துவிட்டீர்கள். கடைசியில் ஒரு ரீஸ்டார்ட்.

அன்று முடக்கியவற்றில் வேறு என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். 'கூகுள் பிளே சர்வீசஸ்' இருந்தால் அதையும் உடனே எனேபிள் செய்யுங்கள்.

கலங்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே அறிகுறிதான், ஆனால் என் போனில் வெப்வியூ முடக்கப்படவில்லை. நேற்று அப்டேட் ஆன பிறகு ஆரம்பித்தது.

ஒற்றையடிப்பாதை

கலங்கரை, அதே பக்கத்தில் மூன்று புள்ளிக்குள் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். கொடுத்தால் போனோடு வந்த பழைய பதிப்புக்குத் திரும்பும். ஆப்கள் ஓடினால் கோளாறு அந்த அப்டேட்டில்தான். அடுத்த பதிப்பு வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள், பழைய வெப்வியூவோடு ரொம்ப நாள் இருப்பது பாதுகாப்பல்ல. பெட்டி எதுவும் வராமல் சத்தமில்லாமல் மூடினால் மட்டும் தனியாக எழுதுங்கள். அது பெரும்பாலும் ரேம் போதாமல் சிஸ்டமே மூடுவது.

தேன்சிட்டு

எனேபிள், அப்டேட், ரீஸ்டார்ட் மூன்றும் ஆயிற்று. மெயில் திறக்கிறது! வங்கி ஆப்பும், செய்தியும், விளையாட்டும் ஓடுகின்றன. நாலு நாள் தவிப்பு, எண்ணி மூன்று நிமிஷத்தில் தீர்ந்தது. ஒற்றையடிப்பாதை, நீலவானம், ரெண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

நீலவானம்

ரொம்ப சந்தோஷம் சகோ. வெப்வியூ எனக்கும் புதுசு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஒண்ணு மட்டும்: நகலெடுத்த பதிவை கணினியில ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பாத்தீங்களா? 'ஓபஸ்' வகை கோப்பு அது, எல்லா பிளேயர்லயும் ஓடாது. விஎல்சி-யில ஓடும். பென் டிரைவ்ல இன்னொரு நகலும் வெச்சுக்குங்க.

தேன்சிட்டு

விஎல்சி போட்டுத் திறந்தேன். முதல் கோப்பு ஒன்பது நொடி. "போன் பண்ணும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார் அப்பா. தெளிவாகக் கேட்கிறது. பென் டிரைவிலும் ஏறிக்கொண்டிருக்கிறது.