சிவப்பு, வீக்கம், சூடு, வலி: வார்டில் கண் ஏமாந்த இடங்கள்

கருவேலம்
அழற்சிக்குப் பழைய ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சொன்ன, தலைப்பில் உள்ள நாலு அடையாளமும் முதல் வருஷத்திலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. அது நோயாளி பக்கத்தில் எங்கே காலை வாரியது என்று எழுதுங்கள். முதலில் இது.

மாண்டூ, அதாவது காசநோய்க் கிருமிக்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட். ஏழு வயசுக் குழந்தை, மூன்றாம் நாள் காலை, முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவப்பு. மாணவி ஸ்கேலை வைத்து "22 மி.மீ., பாசிட்டிவ்" என்று எழுதிவிட்டார். அம்மா உடனே கேட்டது: "எத்தனை மாசம் மாத்திரை கொடுக்கணும் சிஸ்டர்?" தடவிப் பார்த்தபோது தடிப்பு 6 மி.மீ.தான்.

சிவப்பு என்பது ரத்தக்குழாய் விரிவது மட்டும். ஊசி குத்திய எரிச்சலுக்கே அது வரும். தடிப்பு அப்படி அல்ல. டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து, சைட்டோகைன் என்ற செய்தி ரசாயனம் விட்டு, கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ்களைக் கூப்பிட்டு, ஃபைப்ரின் என்ற புரத நார் படிந்த பிறகுதான் தோல் கெட்டியாகும். அதற்குத்தான் 48 முதல் 72 மணி நேரம். பால்பாயிண்ட் பேனாவைச் சிவப்புக்கு வெளியே வைத்து நடுவை நோக்கி மெதுவாக இழுங்கள், தட்டுகிற இடத்தில் கோடு. எதிர்ப்பக்கமும் அப்படியே. முன்கையின் குறுக்கே அளக்கணும், நீளவாக்கில் அல்ல. 10 மி.மீ.யும் மேலும் பாசிட்டிவ், எச்.ஐ.வி. இருந்தால் 5 போதும். போடும்போதே 0.1 மி.லி.க்கு 6 முதல் 10 மி.மீ. கொப்புளம் எழும்பாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. குறைந்தது 5 செ.மீ. தள்ளி மறுபடி போடணும்.

இரவுப்பணி
நீங்கள் சொன்னது இல்லாத நோய் தெரிந்த கதை. இது இருக்கிற நோய் தெரியாத கதை.

புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து பத்தாம் நாள், மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சிறு கருவி பதித்த ஒரு அம்மா. காய்ச்சல் 101. நர்ஸ் நோட்ஸில் "போர்ட் இடம் சுத்தம், சிவப்பு இல்லை, சீழ் இல்லை." அந்தம்மா மட்டும் "தொட்டா வலிக்குதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். போர்ட்டில் ஃபிளஷ் (குழாயைக் கழுவும் சலைன்) போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம்.

சீழ் என்பதே செத்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுதான். கீமோவால் நியூட்ரோஃபிலே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? எக்ஸ்ரேயும் தெளிவாக இருக்கும், சிறுநீரில் சீழ் செல்லும் இருக்காது. மிஞ்சுவது காய்ச்சலும் வலியும் மட்டும். கணக்கு: மொத்த வெள்ளணு 1,200, நியூட்ரோஃபில் 28 சதவீதம், பேண்ட் (முழுதாக முதிராத நியூட்ரோஃபில்) 2 சதவீதம் என்றால் 1,200-இல் 30 சதவீதம், அதாவது 360. 500-க்குக் கீழே. இப்படிப்பட்டவருக்கு ஒரே தடவை 101, அல்லது ஒரு மணி நேரம் விடாமல் 100.4 இருந்தாலே எமர்ஜென்சி.

போர்ட்டிலிருந்து ஒரு செட், கையிலிருந்து ஒரு செட் ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்). கையோடு ஆன்டிபயாடிக், ஒரு மணி நேரத்துக்குள். ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலக்குடல் வழியாக டெம்பரேச்சர், சப்போசிட்டரி இரண்டும் கூடாது. டாக்டரிடம் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுத்தால் மிச்சமிருந்த ஒரே அடையாளமும் போய்விடும்.

நரம்புதேடி
கருவேலம், சிவப்பு என்பது "ரத்தக்குழாய் விரிவது மட்டும்" என்று எழுதியதைப் படிக்கிற பிள்ளைகள் எல்லா இடத்திலும் சிவப்பைத் தள்ளிவிடுவார்கள். மாண்டூவுக்கு அது சரி. மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் கேனுலாவுக்குச் சரியில்லை.

ஆனால் நம் ஊர்த் தோலில் அந்தச் சிவப்பே தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். நல்ல கறுப்பு நிறம், விவசாயி, வலது கையில் பொட்டாசியம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஷிஃப்டிலும் "சைட் நார்மல்." நாலாவது ஷிஃப்டில் ஒருவர் விரலால் ரத்தக்குழாய் வழியே தடவினார்: முழங்கை வரை கயிறு மாதிரி உருண்டது.

பாடப் புத்தகத்து வெள்ளைக் கையை வைத்துப் படித்தால் இப்படித்தான் ஆகும். கருந்தோலில் சிவப்பு ஊதாவாக, சில சமயம் சுற்றிலும் இருப்பதைவிடக் கூடுதல் கறுப்பாக, மினுமினுப்பாகத் தெரியும். அதனால் புறங்கையால் சூடு பாருங்கள், இரண்டு கையையும் ஒப்பிடுங்கள், தொட்டு வலி கேளுங்கள். வி.ஐ.பி. மதிப்பெண்ணில் (கேனுலா போட்ட ரத்தக்குழாயின் அழற்சியை அளப்பது) வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தாலே 2. அப்போதே கேனுலாவை எடுத்து இடம் மாற்றணும். கயிறு தட்டுப்பட்டால் 4. இரண்டு படி தாண்டிய பிறகுதான் அவருக்குக் கவனிப்பு கிடைத்தது.

இன்னொன்று. வீங்கியிருக்கிறது, ஆனால் தொட்டால் ஜில்லென்று, வெளிறி இருக்கிறது என்றால் அது அழற்சி இல்லை, மருந்து வெளியே கசிகிறது. உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் நோர்அட்ரினலின் மாதிரி மருந்தாக இருந்தால் கேனுலாவைப் பிடுங்காமல், உள்ளே இருப்பதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

தேன்கூடு
தோலே பேசாத கேஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், டெஸ்ட் டோஸுக்கு எந்த எதிர்வினையும் இல்லை. முழு டோஸ் போட்டு மூன்றாவது நிமிஷம் "வயித்தைப் பிசையுது, பாத்ரூம் போகணும்" என்று எழுந்தார். எழுந்தவர் அங்கேயே விழுந்தார். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை, அதனால் "மயக்கம்" என்று நினைத்து அவிலும் (அலர்ஜி மருந்து) எஃப்கார்லினும் (ஸ்டீராய்டு) எடுக்க ஓடினார்கள். அட்ரினலின் ஆம்பூல் அதே ட்ரேயில் உடைக்காமல் கிடந்தது.

ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல் வெடித்தால், அதிலிருந்து வரும் ஹிஸ்டமின் ரத்தக்குழாய்களை விரிக்கும், சுவரை ஓட்டையாக்கும். பத்து நிமிஷத்தில் குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்குவரை வெளியே போகலாம். அந்த நிலையில் எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பி வர ரத்தமே இருக்காது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் தலைப்பக்கம் உயர்த்தலாம்.

அட்ரினலின் 1 மி.லி.யில் 1 மி.கி. ஆம்பூல்: பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.லி.; 20 கிலோ என்றால் 0.2. தேறவில்லை என்றால் 5 நிமிஷத்தில் மறுபடி. அந்த ஆம்பூலை அப்படியே ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் தாங்காது.

மஞ்சள்துணி
அவிலே வேண்டாம் என்கிறீர்களா? எல்லா எமர்ஜென்சி ட்ரேயிலும் வைத்திருக்கிறார்களே.

தேன்கூடு
வேண்டாம் என்று சொல்லவில்லை. அவில் அரிப்பைத்தான் குறைக்கும், பி.பி.யை ஏற்றாது. எஃப்கார்லின் வேலை செய்யவே மணிக்கணக்காகும். அட்ரினலின், ஆக்சிஜன், சலைன் எல்லாம் போன பிறகு போடுங்கள்.

ஆலமரத்தடி
தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் சொல்லியாகணும். கன்னத்தில் நாய் கடித்த குழந்தை. ரேபிஸுக்கு எதிரான தயார் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின் முழுதும் பிட்டத்தில் போய்விட்டது. கன்னத்துக் காயம் ஒரு சொட்டும் படாமல் இருந்தது. "சின்னக் காயம், அதிலயும் குத்தணுமா?" என்று மாணவி கேட்டார்.

குத்தணும். தடுப்பூசி உடம்பையே ஆன்டிபாடி செய்ய வைப்பது. அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வைரஸ் அதுவரை காத்திருக்காது, காயத்திலிருந்தே நரம்புக்குள் ஏறும். அந்த இடைவெளியை மூடத்தான் தயார் ஆன்டிபாடி. அது வைரஸ் இருக்கும் இடத்தில் இருக்கணும், அதாவது காயத்துக்குள்ளும் சுற்றியும். குதிரையிலிருந்து எடுத்தது கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்தது 20. 15 கிலோ குழந்தைக்குக் குதிரை சீரம் 600 யூனிட்; மி.லி.க்கு 300 உள்ள வயல் என்றால் 2 மி.லி. நிறையக் காயம் இருந்து மருந்து போதவில்லை என்றால் டோஸைக் கூட்டாமல் சலைன் கலந்து அளவைப் பெருக்குங்கள். தடுப்பூசி போட்ட அதே சிரிஞ்சிலோ அதே இடத்திலோ போடக் கூடாது. முதல் தடுப்பூசிக்கு 7 நாள் கழித்துக் கொடுப்பதில் பயனில்லை, அதற்குள் உடம்பே செய்யத் தொடங்கியிருக்கும். இதற்கெல்லாம் முன்னால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும், 15 நிமிஷம். இறுக்கமாகத் தையல் போட விடாதீர்கள். குதிரை சீரத்துக்குப் பக்கத்தில் தேன்கூடு சொன்ன அட்ரினலினை ஏற்றித் தயாராக வைத்திருங்கள்.

மஞ்சள்துணி
கருவேலம், முதல் பதிவுக்கு ஒரு கேள்வி. அந்தக் குழந்தைக்குப் பத்து நாள் முன்னால் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசி போட்டிருந்தால் 6 மி.மீ.யை நம்பலாமா?

கருவேலம்
நம்ப முடியாது. உயிருள்ள வைரஸ் தடுப்பூசி சில வாரம் டி செல்லை மந்தமாக்கும், தடிப்பு குறைந்து காட்டும். ஒரே நாளில் இரண்டையும் போடணும், இல்லையென்றால் தடுப்பூசிக்குப் பிறகு நாலு வாரம் விட்டு மாண்டூ. தட்டம்மை வந்து போன குழந்தை, ஸ்டீராய்டு எடுக்கிறவர், ரொம்ப மெலிந்தவர் எல்லாருக்கும் இதே சந்தேகம் வேணும். அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டு ஊசி எடுங்கள்.