ஸ்கோலியோசிஸ் அறுவையில் ஸ்க்ரூவும் சி-ஆர்மும்: கையாள்பவர்கள் சொல்வது

அறுவை மருத்துவர்:
ஸ்கோலியோசிஸ் என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது; அதை நிமிர்த்த முதுகெலும்புகளில் ஸ்க்ரூ போடுகிறோம். ஃப்ரீஹேண்டில், அதாவது கையுணர்வை நம்பிப் போடும்போது, சிக்கல் வருவது பெரும்பாலும் வளைவின் உச்சியில், குழிவுப் பக்கத்தில்தான். அங்கே பெடிக்கிள் (ஸ்க்ரூ நுழையும் எலும்புத் தண்டு) ஒடுங்கியிருக்கும். தண்டுவடமும் அந்தப் பக்கமே ஒட்டிக் கிடக்கும். வளைந்த புரோபின் (துளை போடும் கருவி) நுனியை முதலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து 15 முதல் 20 மி.மீ. இறக்குங்கள். பிறகு வெளியே எடுத்து, நுனியை உள்நோக்கித் திருப்பி அதே துளையில் தொடருங்கள். எடுத்த எடுப்பிலேயே உள்நோக்கி வைத்தால், ஒடுங்கிய இடத்திலேயே உள்சுவர் உடையும். பெடிக்கிளுக்குள் இருக்கும் மென்மையான பஞ்செலும்பு கரகரவென்று ஒரே சீராக எதிர்க்கும். புரோப் திடீரென வழுக்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஃபீலரால் (துளையைத் தடவிப் பார்க்கும் மெல்லிய கம்பி) துளையின் அடியையும் நான்கு சுவர்களையும் தடவுங்கள். அவசரத்தில் அடியை மட்டும் தொட்டுவிட்டு நகர்பவர்களே அதிகம்! துளையில் மரை வெட்டும் டேப், ஸ்க்ரூவைவிட 0.5 அல்லது 1 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். டேப் போட்டபின் இன்னொரு முறை தடவ வேண்டும். பெடிக்கிளுக்குள் பஞ்செலும்பே இல்லையென்றால் மல்லுக்கட்டாமல் ஹூக் (எலும்பைப் பற்றும் கொக்கி) போடலாம், அல்லது அந்த முதுகெலும்பை விட்டுவிடலாம்.

ரேடியோகிராஃபர்:
ஸ்க்ரூவுக்கு ஒரு படம் என்று கேட்காதீர்கள். எல்லாத் துளையிலும் மார்க்கர் முள் வைத்து மொத்தமாகப் பார்க்கலாம். கதிர் வீணாவது கோணம் தேடுவதில்தான்: உச்சி எலும்பு சுழன்றிருப்பதால் சி-ஆர்மையும் (அறுவையின்போதே எக்ஸ்-ரே காட்டும் கருவி) அதற்கேற்பச் சாய்க்க வேண்டும். மேல் என்ட்பிளேட் (முதுகெலும்பின் மேல்தளம்) ஒற்றைக் கோடாக, ஸ்பைனஸ் பிராசஸ் (பின்புற எலும்பு முனை) இரு பெடிக்கிளுக்கும் நடுவில் தெரிந்தால் அதுதான் நேர்ப்படம். அந்தக் கோணத்தைக் குறித்து வைத்தால் மறுபடி தேட வேண்டாம்.

பக்கவாட்டுப் படத்தில் எக்ஸ்-ரே குழாய்ப் பக்கம் நிற்கவே கூடாது, சிதறல் அங்கேதான் அதிகம். தூரம் இரட்டித்தால் கதிர் அளவு கால்பங்காகும். ஈயக் கையுறையோடு கையைக் கதிருக்குள் நீட்டினால் மெஷின் தானாகவே வெளியீட்டை ஏற்றிவிடும், பிறகு கையுறையால் என்ன பயன்? கதிரோடு வேலை செய்பவர்களின் கண் வில்லைக்கான கதிர் வரம்பை ஐ.சி.ஆர்.பி. (சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம்) 2011-இல் ஆண்டுக்கு 150-இலிருந்து சராசரி 20 மில்லிசீவர்ட்டாகக் குறைத்தது. ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு ஈயக் கண்ணாடியை மறப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

நேவிகேஷன் பயன்படுத்துபவர்:
நேவிகேஷன் என்பது ஸ்கேன் படத்தின் மேல் கருவியின் இடத்தைத் திரையில் காட்டுவது. அந்த ஸ்கேனை எடுக்கும் ஓ-ஆர்ம் சுழலும்போது குழுவினர் வெளியே போய்விடலாம். கதிர் முழுவதும் நோயாளிக்கு. நோயாளிகளில் பலர் வளரும் வயதுப் பெண்கள் என்பதால் பெரியவர்களுக்கான செட்டிங்கை மாற்றாமல் ஸ்கேன் எடுப்பது சரியல்ல. எலும்பில் பொருத்திய ரெஃபரன்ஸ் ஃப்ரேமில் (இடத்தைக் கணக்கிட உதவும் அடையாளச் சட்டம்) முழங்கை ஒருமுறை இடித்தாலும் திரை பொய் சொல்லும். ஃப்ரேமிலிருந்து தள்ளிப் போகப் போகப் பிழையும் கூடும். தெரிந்த எலும்பு முனையைத் தொட்டு அடிக்கடி ஒப்பிடுங்கள். ஆஸ்டியாட்டமிக்கு (எலும்பை வெட்டுவது) பின் பழைய ஸ்கேன் செல்லாது, எனவே ஸ்க்ரூக்களை முதலில் முடித்துவிடுங்கள்.

நியூரோமானிட்டரிங் பிரிவு:
நரம்பு பாதிக்கப்படுகிறதா என்று கண்காணிப்பது எங்கள் வேலை. கீழ் மார்புப் பகுதியில் ஸ்க்ரூவை மின்சாரத்தால் தூண்டும்போது 6 மில்லி ஆம்பியருக்குக் கீழேயே வயிற்றுத் தசை துடித்தால் உள்சுவர் உடைந்திருப்பதாகச் சந்தேகியுங்கள், ஸ்க்ரூவை எடுத்துத் தடவிப் பாருங்கள். தசைத் தளர்ச்சி மருந்து மிச்சமிருந்தால் உடைந்த சுவரும் நல்ல சுவர் போலவே காட்டும். மயக்க மருத்துவரிடம் ட்ரெயின்-ஆஃப்-ஃபோர் (தசைத் தளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சோதனை) கேட்டுவிட்டுத் தூண்டுங்கள்.