அம்மாவுக்கு வாக்கர்: சக்கரம் வச்சதா, இல்லாததா?

நடுப்பிள்ளை:
அம்மாவுக்கு 78 வயசு. மூணு மாசமா சுவரு, கதவு, நாற்காலின்னு எதையாச்சும் பிடிச்சுதான் நடக்குறாங்க, போன வாரம் பாத்ரூம் வாசல்ல தடுக்கி அப்படியே உக்காந்துட்டாங்க, நல்லவேளை அடி ஒண்ணும் இல்ல. கைத்தடி வாங்கிக் கொடுத்தோம், அது மூலையில சாஞ்சு கிடக்குது. வாக்கர் பாக்கலாம்னா சக்கரமே இல்லாதது, முன்னாடி மட்டும் ரெண்டு சக்கரம் வச்சது, நாலு சக்கரத்தோட சீட்டு பிரேக்கெல்லாம் வச்சதுன்னு இருக்கு. அண்ணன் நாலு சக்கரம்தான் ஈசிங்கிறான். எனக்கு அது ஓடிருமோன்னு பயம்.

திண்ணை:
உங்க பயம் சரிதான். நடை ஸ்டெடியா இருக்கு, ஆனா கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது, நடுவுல உக்காரணும்ங்கிறவங்களுக்குத்தான் நாலு சக்கரம். வெயிட்டை அதுமேல போட்டு சாயுறவங்களுக்குக் கொடுத்தா அது முன்னாடி போயிரும், இவங்க பின்னாடி தொங்குவாங்க. டக்குனு பிரேக் பிடிக்க கைல பலமும் வேணும், அந்த நேரத்துக்கு ஞாபகமும் வரணும். சக்கரமே இல்லாதது அசையாது, ஆனா ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்கணும், கை ஓஞ்சிரும். ஆபரேஷன் ஆகி ஒரு கால ஊனக்கூடாதுன்னு சொன்னவங்களுக்கு பெரும்பாலும் அதான். உங்க அம்மாவுக்கு முன்னாடி ரெண்டு சக்கரம் சரியா வரும்னு தோணுது, தள்ளிட்டே போலாம், பின்னாடி ரப்பர் கால் இருக்கிறதால ஓடாது.

இன்னொண்ணு, மூணு மாசத்துல இப்படி ஆயிருக்குன்னா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரையா, எந்திரிக்கும்போது பிரஷர் இறங்குதா, கண்ணா, பாதத்துல மரத்துப்போறதான்னு பாக்கணும். பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை நடக்கவச்சுப் பாத்தா எது வேணும்னு அவங்களே சொல்லிருவாங்க.

ரெண்டாம்மாடி:
ஹைட்டை விட்றாதீங்க. எங்க அப்பா கூன் போட்டு நடக்குறாருன்னு ரொம்ப நாளா வயசு மேல பழி போட்டுட்டு இருந்தோம், கடைசில பாத்தா வாக்கர்தான் குட்டை 😅 வழக்கமா போடுற செருப்போட நிக்கச் சொல்லி கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு ரேகை வர்ற இடத்துல கைப்பிடி இருக்கணும், பிடிச்சா முழங்கை லேசா மடங்கணும். உயரம் கூட்டிக் குறைக்கிற ஓட்டை நாலு கால்லயும் ஒரே அளவுல மாட்டியிருக்கான்னும் பாருங்க. ரப்பர் தேஞ்சா உடனே மாத்திருங்க, ஈரத்தரைல அதான் ஆளை விழவைக்கும்.

நடுப்பிள்ளை:
ரொம்ப நன்றி. இப்பதான் டேப் வச்சு பாத்ரூம் கதவை அளந்தேன், 58 செமீ. பாத்து வச்ச வாக்கர் 62!

திண்ணை:
அளந்தது நல்லதாப் போச்சு, குறுகலான மாடலும் இருக்கு தேடுங்க. இல்லன்னா வாக்கரை வாசலோட நிறுத்திட்டு உள்ள சுவத்துல கைப்பிடிக் கம்பி அடிச்சிருங்க, துண்டு மாட்டுற கம்பி ஆள் வெயிட்டைத் தாங்காது. எந்திரிக்கும்போது வாக்கரைப் பிடிச்சு இழுக்கக்கூடாது, கவுந்துரும், நாற்காலி கையை அழுத்தி எந்திரிச்சு நின்னப்புறம்தான் அதைப் பிடிக்கணும்.

நடுப்பிள்ளை:
அது சரி, அம்மாவை எப்படி சம்மதிக்க வைக்கிறது? "அதைப் பிடிச்சா நான் நோயாளி"ங்கிறாங்க.

ரெண்டாம்மாடி:
எங்க அப்பாகிட்ட பேசியே வேலைக்காகல. முன்னாடி ஒரு சின்னப் பை கட்டி அதுல போனு, கண்ணாடி போட்டு வச்சோம். போனைத் தேடி வந்தவரு வாக்கரோட போனாரு. பைல கனமா மட்டும் எதுவும் போடாதீங்க, முன்பக்கமா சாயும்.